வராதோர் டின்

சிவமணி டீச்சரின் மேசையில் இரண்டு பால்மா டின்கள் இருக்கும். ஒன்றில் வெள்ளைப் பெயின்டால் 'வந்தோர்' என்றும் மற்றதில் 'வராதோர்' என்றும் எழுதியிருக்கும். கலஹாவிலிருந்து மேலே ஏறிப் போகிற அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்டால் பெருமையாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மண்டபம், இடுப்பளவு சுவர், அதற்கு மேலே காற்றும் பனிமூட்டமும் தாராளமாக வந்துபோக இடம், தலைக்கு மேல் தகரம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு கரும்பலகை. மழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அப்போது டீச்சர் வெண்கட்டியால் கணக்கை எழுதுவாள். பிள்ளைகள் விடையை விரலால் காட்டுவார்கள். விடை பத்தைத் தாண்டினால் பக்கத்துப் பிள்ளையின் விரலைக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுக்கிற பிள்ளைக்கு விடை வேறாக இருந்தால் அங்கே ஒரு சண்டை வரும், அதுவும் சத்தமில்லாத சண்டை.

டின்களின் கதைக்கு வருவோம். காலையில் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் வழியில் பொறுக்கிய ஒரு தேயிலைக் கொட்டையை 'வந்தோர்' டின்னில் போட வேண்டும். வராத பிள்ளைக்கு, லயத்து வீட்டு வரிசையில் அடுத்த அறையான காம்பிராவில் இருக்கிற பிள்ளை ஒரு கொட்டையை 'வராதோர்' டின்னில் போட வேண்டும். போடும்போது காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் கொட்டை போடக் கூடாது என்பது சிவமணியின் சட்டம்.

"காச்ச டீச்சர்."

"தண்ணி எடுக்கப் போயிருச்சு டீச்சர்."

"அவுங்கம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க, தம்பிய வச்சிக்கிட்டு இருக்கு டீச்சர்."

இப்படித்தான் எந்தக் காம்பிராவில் நோய், எந்தக் காம்பிராவில் அடுப்பெரியவில்லை என்பதெல்லாம் விடிந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு முதலாம் வகுப்பு கொட்டைகளை எண்ணும். இரண்டாம் வகுப்பு இரண்டு டின்னையும் கூட்டும். மூன்றாம் வகுப்பு பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும். நாலாம் வகுப்பு வாரக் கணக்குப் பார்க்கும். ஐந்தாம் வகுப்பு நூற்றுக்கு எத்தனை வீதம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும். ஒரு பைசா செலவில்லாமல் ஐந்து வகுப்புக்கும் கணிதம் முடிந்துவிடும்.

சிவமணி அதே தோட்டத்தில், அதே லயத்தில் பிறந்தவள். கலஹாவில் சாதாரண தரம் வரை படித்துப் பாஸ் பண்ணினாள். அந்தப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் அப்போது இன்னும் பொறுப்பெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பொன்னுத்துரை சேர் ஒருவரே தலைமை ஆசிரியராகவும் மணி அடிப்பவராகவும் இருந்தார். தோட்டத்துச் சம்பளத்தில் அவளை உதவி ஆசிரியையாகப் போட்டுக்கொண்டார். தேயிலை பக்டரியில் வேலை செய்த இராமகிருஷ்ணனை அவள் கட்டிக்கொண்டாள். இரண்டு குடும்பமும் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம்.

எழுதிக் கொடுத்தது என்றால் மலைநாட்டில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பங்கு வைத்துக்கொண்டார்கள். சந்தைக்குக் கொண்டுபோகிற மாடுகூட வர விருப்பமில்லை என்றால் காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். இந்தச் சனத்துக்கு அதுவும் இல்லை. பாஸ்போட் வந்தால் காம்பிராவை ஒப்படைத்துவிட்டு ஸ்டேசனில் கோச்சி ஏற வேண்டும், தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும், பார்த்தே இராத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு போய் இறங்க வேண்டும்.

எழுபத்தேழாம் ஆண்டு தமிழரை அடித்து எரித்த கலவரத்தில் சிவமணி வயிற்றுப் பிள்ளையோடு தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். அந்தப் பிள்ளைதான் இராஜகுமாரி. வீட்டில் ராஜி.

ராஜி முதலாம் வகுப்புக்கு வந்த முதல் வாரத்தில் ஒன்று நடந்தது. முற்றத்தில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். "அம்மா" என்று கத்தியபடி மண்டபத்துக்குள் ஓடி வந்து சிவமணியின் சேலையைப் பிடித்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் எல்லோரும் இருட்டோடு எழுந்து பேர் பதியப் பெரட்டுக்குப் போய், கூடையோடு மலையில் நிற்கிறவர்கள். பகலில் விழுந்தால் அம்மா என்று கத்த அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. அடுத்த காம்பிராப் பிள்ளை புஷ்பலீலா வாய்விட்டே சொன்னாள்.

"இவளுக்கு மட்டும் அம்மா பள்ளிக்கூடத்துலயே இருக்கு."

அந்தச் சொல் சிவமணிக்குச் சுருக்கென்று தைத்தது. குனிந்து, மகளின் விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"இங்க அம்மா இல்ல. டீச்சர்னு கூப்பிடு. அப்பத்தான் மருந்து போடுவேன்."

ராஜி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், கால் வலிக்குது" என்றாள். சிவமணி மருந்து போட்டாள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நியாயம் என்று அவளுக்கு அன்று மனது நிறைந்திருந்தது. நியாயம் பார்க்கிறவர்களுக்கு முதலில் அகப்படுவது சொந்தப் பிள்ளைதானே.

நாள் முழுக்க டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே வாயில் வந்தது. "டீச்சர், சோறு போடுங்க" என்பாள். இராமகிருஷ்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறுவான்.

"நல்லவேள, நான் பக்டரியில இருக்கேன். இல்லாட்டி என்னய டீமேக்கர்னு கூப்புடும்."

சிவமணியும் சிரிப்பாள். திருத்தவில்லை. வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வருடம், எண்பத்துமூன்று ஆடியில், மறுபடியும் கலவரம். கண்டி டவுனில் கடைகள் எரிகிற புகை என்று யாரோ சொன்னார்கள். மலைக்கு மலை புகையும் பனியும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பக்கத்து டிவிசனில் ஒரு லயம் முழுதும் எரிந்தது. அங்கிருந்து ஓடி வந்த சனம் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் படுத்தது. வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். அழுகிற பிள்ளைகளை அடக்கச் சிவமணி டின்களைக் கவிழ்த்துக் கொட்டைகளை எண்ணச் சொன்னாள். வெளியே என்ன சத்தம் கேட்டாலும் எண்ணிக்கை தவறக் கூடாது என்றாள். பிள்ளைகள் உதடு மட்டும் அசைய எண்ணினார்கள்.

கலவரம் அடங்கியதும் பொன்னுத்துரை சேர் பெட்டி கட்டினார். போவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, இருந்த கதிரையிலிருந்து எழும்பி நின்று பேசினார். அப்படி எழும்பி நின்று அவர் அவளோடு பேசியது அதற்கு முன் இல்லை.

"பிள்ளை, ஊரில வீட்டுக்காறர் இனி இஞ்ச இருக்க விடுகினமில்லை. நான் போட்டு வாறன். ஆனா ஒண்டு கேக்கிறன். வாற வரியம் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்கு முதல்முதலா எங்கட பிள்ளையளை அனுப்ப எண்டு வைச்சிருந்தனான். அதை விட்டிடாதையும்."

"நாங்களும் இந்தியா போற ஆளுங்க, சேர்."

"சோதினை முடியுமட்டும் எண்டாலும் இரும். நீரும் போனா இது மாட்டுக் கொட்டில் ஆயிடும்."

"சரிங்க சேர். இருக்கேன்."

அவர் திரும்பி வரவில்லை. பிறகு அந்தப் பக்கம் யுத்தமாகிப் போனது. அவர் வாங்கிக்கொண்டு போனது அவளுடைய வாக்கு. வாக்கை வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் பெட்டி பாரமாக இருக்காது. அது கொடுத்தவள் தலையில்தான் இருக்கும்.

மார்கழியில் பாஸ்போட் வந்தது. சிவமணிக்குத் தனியாக ஒன்று. ராஜியின் பெயர் அப்பாவின் பாஸ்போட்டில். இராமகிருஷ்ணன் அன்றைக்கே புறப்படத் தயார். எரிந்த லயத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன்.

"பொங்கல் முடிஞ்சி கெளம்பலாம். பக்கத்து டிவிசன எரிச்சவனுக்கு இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகும்?"

"என்னங்க, ஆகஸ்ட்டுல பரீட்ச. அது முடிஞ்ச கையோட எல்லாரும் போவோமே."

"ஊரான் புள்ளைக்குப் பரீட்ச. அதுக்கு நம்ம புள்ள இங்க கெடந்து சாகணுமா?"

"அப்படிச் சொல்லாதீங்க. சேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சேரு யாழ்ப்பாணத்துல நிம்மதியா இருக்காரு. நீ இங்க வாக்க வச்சிக்கிட்டு இரு. புள்ளைய நான் விட்டுட்டுப் போக மாட்டேன்."

இரண்டு பேரும் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் சண்டை தீரவில்லை. கடைசியில், அவனும் ராஜியும் முன்னால் போவது, பரீட்சை முடிந்ததும் அவள் பின்னால் போவது என்று முடிவானது. எட்டு மாதம். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று அக்கம்பக்கம் சொன்னது. பிள்ளையைப் பெற்றவள் கண்ணை மூடித் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கண்டி ஸ்டேசனில் அன்று கூட்டம். மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் டிரங்குப் பெட்டியும் அம்மியும் கோழிக்கூடையுமாகச் சனம் வந்து குவிந்திருந்தது. போகிறவர்கள் அழுதார்கள், இருக்கிறவர்கள் அழுதார்கள். ராஜி மட்டும் அழவில்லை. பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. சிவமணியின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், என் கொட்டைய யாரு போடுவா?"

"புஷ்பலீலா போடும்."

"என்னா காரணம் சொல்லும்?"

"ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லும்."

ராஜி அதை யோசித்துப் பார்த்தாள். சட்டம் சட்டம்தான், அவளுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது.

"அங்க உள்ள பள்ளிக்கூடத்துல, ஒங்கம்மா எங்கன்னு கேட்டா நான் என்னா காரணம் சொல்றது?"

"பரீட்ச இருக்கு, முடிஞ்சதும் வரும்னு சொல்லு. மறந்துறாத."

"பரீட்ச இருக்கு, முடிஞ்சதும் வரும்" என்று ராஜி பாடம் ஒப்புவிப்பதுபோல் திருப்பிச் சொன்னாள். கோச்சி அசைந்தபோது ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டி, "டீச்சர், போயிட்டு வாறேன்" என்றாள். இது பள்ளிக்கூடம் இல்லை, ஸ்டேசன், அம்மா என்று கூப்பிடு என்று சொல்லச் சிவமணிக்கு வாய் வரை வந்தது. அதற்குள் கோச்சி போய்விட்டது. வருகிற ஆவணியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த வருடம் அவள் படிப்பித்ததுபோல் யாரும் படிப்பித்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பைப் பகல் சோற்றுக்குக்கூட லயத்துக்கு அனுப்பவில்லை. இருக்கிற ரொட்டியைப் பிய்த்துப் பங்கிட்டுக்கொண்டு கணக்குச் செய்தார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைக் கணக்காக்கினாள். மலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் ஊற்றும் பாலைப் பின்னமாக்கினாள். ஒவ்வொரு காலையும் புஷ்பலீலா இரண்டு கொட்டைகளோடு வருவாள். தனக்கு ஒன்று, ராஜிக்கு ஒன்று.

"ஊருக்குப் போயிருக்கு டீச்சர்."

சிவமணி தலையை ஆட்டுவாள். அந்தக் கொட்டை டின்னுக்குள் விழுகிற சத்தம் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கும். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், ராஜி பள்ளிக்கூடம் போவதாகவும், குளிர் நம்ம ஊர் மாதிரிதான் என்றும் இராமகிருஷ்ணன் எழுதியிருந்தான்.

பரீட்சை நடந்தது. சிவமணி பிள்ளைகளைத் தலை வாரி, எண்ணெய் பூசி, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், மண்டபத்தில் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் நின்றாள். வந்ததும் அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கப்பலுக்குப் பதிந்தாள். ஆட்கள் கூட்டம், தீபாவளிக்குப் பிறகுதான் இடம் கிடைத்தது. அதுவும் நல்லதுதான், தனக்குப் பிறகு வருகிற புது டீச்சருக்கு வேலை சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைத்தார்கள். பாயாசம் காய்ச்சினார்கள். கங்காணி மாலை போட்டார். காம்பிராவை ஒப்படைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு கண்டிக்குப் போனாள். அங்கே ஸ்டேசனில் அவளைப் போலவே பெட்டியும் கையுமாகச் சனம் நின்றது. கப்பல் ஓடாது என்றார்கள். வடக்கில் நிலைமை சரியில்லை, தலைமன்னார்ச் சேவையை நிறுத்திவிட்டார்கள். எப்போது ஓடும் என்று கேட்டவர்களுக்குப் பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார்கள். காம்பிராவையும் வேலையையும் கொடுத்துவிட்டு வந்த சனம், நாளைக்கு ஓடும் என்று பெட்டிமேல் தலைவைத்துப் படுத்தது. சிவமணியும் படுத்தாள். கப்பலை நிறுத்தியவர்களுக்கு யுத்தம் தெரிந்திருக்கும், துறைமுகம் தெரிந்திருக்கும். கோத்தகிரியில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பது யாருக்குத் தெரியும்?

பெட்டியைப் புஷ்பலீலா வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவள் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் படியில் ஏறினாள். பிள்ளைகள் எதுவும் நடக்காததுபோல் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முதலாம் வகுப்பில் ஒரு குட்டி கையைத் தூக்கியது.

"டீச்சர், வெள்ளிக்கெழம நீங்க வரல. காரணம் சொல்லுங்க."

"கப்பல் வரல" என்றாள் சிவமணி. அந்தக் குட்டி திருப்தியோடு உட்கார்ந்துகொண்டது.

மார்கழிக்குள் பரீட்சைப் பெறுபேறு வந்தது. தோட்டத்தில் காவல் பார்க்கிற வாச்சரின் மகன் முத்துவேல் ஒருவன் பாஸ். அந்தத் தோட்டத்தில் அதுவரை நடக்காத காரியம். கண்டி டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு, விடுதி உண்டு. சிவமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். முத்துவேலின் அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"வேணாம் டீச்சர். டவுனுக்கு அனுப்பி, நாளைக்கி கலவரம் வந்தா நான் எங்க போயித் தேடுவேன்? படிப்பு இல்லாட்டியும் பரவால்ல. புள்ள கண்ணு முன்னுக்கு இருக்கணும்."

அவர் அதை அவளைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அப்படிப் பேசத் தெரியாது. பஸ்ஸில் போய் வருகிற தூரத்துக்கே பிள்ளையை விடப் பயப்பட்டார், அவ்வளவுதான். சிவமணி வந்த வழியே திரும்பினாள். எந்தப் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பினாளோ அந்தப் பிள்ளைகளில் தேறியது ஒன்று, அந்த ஒன்றும் லயத்திலேயே நின்றது. நாலைந்து வருடத்தில் முத்துவேல் பக்டரியில் தேயிலை சலித்துக்கொண்டிருந்தான். வழியில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான். அவளும் குனிந்துகொண்டுதான் போனாள்.

கப்பல் ஓடவே இல்லை. பாஸ்போட்டின் தவணை முடிந்தது. பிளேனில் போகலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் காசை அவளுடைய சம்பளத்தில் சேர்ப்பதற்குள் வேறொரு சேதி வந்து சேர்ந்தது. புஷ்பலீலாவின் மாமா குடும்பமும் கோத்தகிரியில்தான் இருந்தது. அவர்கள் மூலம் வந்த சேதி. இராமகிருஷ்ணன் அங்கே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டான். பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனி ஆள் என்ன செய்வான் என்று அவனுக்காகப் பரிந்தும் பேசினார்கள்.

சிவமணி அழுதாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். அதுவரை கப்பல் ஒரு காரணம், சண்டை ஒரு காரணம், காசு ஒரு காரணம். அதன் பிறகு இருந்தது ரோசம். எவளோ ஒருத்தியின் வீட்டு வாசலில் போய், நான் பெத்த பிள்ளை இங்கே இருக்கிறதா என்று கேட்பதா? மாட்டேன் என்று இருந்துவிட்டாள். பிள்ளைக்காக ரோசத்தை விழுங்கியவர்களை அவளுக்குத் தெரியும். தான் விழுங்கவில்லை என்பதும் தெரியும். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

சேதி வந்த மறுநாள் காலை புஷ்பலீலா வழக்கம்போல் இரண்டு கொட்டைகளோடு வந்தாள். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. தனக்கு ஒன்று போட்டுவிட்டு மற்றதைக் கையில் எடுத்தாள்.

"ஊருக்குப் போயிருக்கு டீச்சர்."

"இனிமே அதப் போட வேணாம்."

"ஏன் டீச்சர்? ராஜி வராதா?"

"பேரு வெட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சிவமணி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புஷ்பலீலா அந்தக் கொட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பினோபோர்ச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அன்று இரண்டாம் வகுப்புக் கூட்டிய மொத்தத்தில் ஒன்று குறைந்தது. பிள்ளைகள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொண்டார்கள்.

காலம் போனது. எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியில் ரோட்டில் டயர்கள் எரிந்த நாட்களில், பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வடக்கில் யுத்தம் வருவதும் நிற்பதும் வருவதுமாக இருந்தது. கண்டிக்குப் போனால் செக்பொயின்டில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்தது, புதுக் கட்டிடம் ஒன்று வந்தது, தகரத்துக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் சீட் போட்டார்கள். புது ஆசிரியர்கள் வந்தார்கள். சிவமணி முதலாம் வகுப்போடு நின்றுகொண்டாள். டின்கள் துருப்பிடித்தால் மாற்றி, அதே எழுத்தை எழுதிக்கொள்வாள். ராஜி பெரிய பிள்ளையான சேதி, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட சேதி எல்லாம் புஷ்பலீலா வீட்டு வழியாகத்தான் அவளுக்கு வந்தது. சேதி கேட்ட அன்று மட்டும் ஒரு வேளை சாப்பிட மாட்டாள்.

தொண்ணூற்றேழில் ஒரு நாள், கலஹாவில் டெலிபோன் பேசுகிற கொமியூனிகேசன் கடை வைத்திருந்த ஹாஷிம் பஸ்ஸை மறித்து ஏறி, அவளிடம் வந்து சொன்னார்.

"டீச்சர், இந்தியாவுல இருந்து ஒங்களுக்கு கோல் ஒண்டு வந்திச்சு. பொம்புளப் புள்ள. ஞாயித்துக்கெழம காலம்பொற திரும்ப எடுக்குறன் எண்டு சொல்லிச்சு. தவறாம வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பேசப் போகிற பிள்ளைக்குச் சேலை தெரியாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஹாஷிம் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். அது ஆறிப்போனது. பதின்மூன்று வருடத்துக்கு என்ன பேசுவது, எங்கே தொடங்குவது என்று எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்டேசனில் கேட்காமல் விட்ட அந்த ஒரு சொல்லை இன்று கேட்டுவிட வேண்டும்.

மணி அடித்தது. ஹாஷிம் எடுத்து அவளிடம் தந்துவிட்டு, மரியாதைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஹலோ. டீச்சருங்களா?"

குரல் பெரிய பெண்ணின் குரல். பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது.

"ராஜியா?"

"ஆமாங்க டீச்சர். நல்லாருக்கீங்களா? எனக்கு வைகாசியில கல்யாணம். ஒங்ககிட்ட சொல்லாம பண்ணக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"நல்லா இரு சாமி. நல்லா இரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ராஜி, இது பள்ளிக்கூடம் இல்ல. நீ அம்மான்னு கூப்புடலாம்."

கம்பியில் காற்று இரைந்தது.

"வாய்ல வரமாட்டேங்குதுங்க. ஒங்கள எப்பவும் டீச்சர்னுதான கூப்புட்டேன்." பிறகு தயங்கித் தயங்கி, "இங்க சித்தியத்தான் அம்மாங்கிறேன்" என்றாள். "முதல்ல கூப்புடல டீச்சர். ஸ்கூல்ல எல்லாரும் ஒங்கம்மா எங்கன்னு கேப்பாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லுவேன். பரீட்ச இருக்கு, முடிஞ்சதும் வரும்னு. அப்புறம் கப்பல் ஓடலன்னு சொன்னேன். அப்புறம் அங்க சண்டன்னு சொன்னேன். நான் பெரியவளான அன்னைக்கும் வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. அதுக்கு மேல சொல்றதுக்குக் காரணம் கெடைக்கல டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. ஒரு பிள்ளை மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒப்புவிப்பதுபோல் இருந்தது. கோபப்பட்டிருந்தால் சிவமணி தாங்கிக்கொண்டிருப்பாள். மன்னித்துக்கொள் என்று கேட்டிருப்பாள். அவள் வாயைத் திறந்தாள். கப்பலை அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது, சண்டையையும் சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது ரோசம் ஒன்றுதான். அதை எப்படிச் சொல்வது? மற்றப் பிள்ளைகளிடம் வருடக்கணக்காகக் காலைதோறும் காரணம் கேட்டவளுக்கு, தன் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சாப்புட்டேன் டீச்சர்" என்றாள் ராஜி. அதோடு கோல் அறுந்துவிட்டது. மறுபடி வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ஹாஷிம் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

மறுநாள் திங்கட்கிழமை. சிவமணி வழக்கம்போல் டின்களைத் துடைத்து மேசையில் வைத்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து கொட்டைகளைப் போட்டார்கள். காய்ச்சல் ஒன்று, தண்ணீர் எடுக்கப் போனது ஒன்று. கடைசியில் ஒரு சின்னப் பெண் 'வராதோர்' டின்னுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, போடாமல் நின்றது.

"என்னா, போடு."

"அடுத்த காம்பிரா புள்ள வரல டீச்சர். ஏன்னு தெரியல. காரணம் இல்ல."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சட்டம் எல்லோருக்கும் தெரியும். இனி டீச்சர் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவாள், காரணம் கேட்டுக்கொண்டு வரச் சொல்வாள். சிவமணி எழுந்து வந்தாள். குனிந்து, கொட்டையை இறுக்கிப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல சாமி" என்றாள். "காரணம் இல்லாட்டியும் போடு."